தக்காளி ரோஜா

பாதியாக நறுக்கிய அவித்த முட்டைகள் தட்டில் நிற்க மறுத்தன. ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் இன்னொன்று சறுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனது. மாமனாரும் மாமியாரும் வருகிற நேரம்.

"அப்பா, முட்டைக்கு வழுக்குது," என்றாள் மகள். அன்று அவளுக்கு ஐந்தாவது பிறந்தநாள்.

ஒவ்வொரு முட்டையின் அடியிலும் மெல்லிசாக ஒரு சீவல் எடுத்தான். அடங்கி உட்கார்ந்தன. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுப்பது அவன் தொழில். மயிரிழை கூடினாலும் யாருக்கோ வாய் மூடாது.

மனைவி இறந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. போன வாரம் மச்சினி போனில் கிசுகிசுத்திருந்தாள். "அத்தான், அம்மா சும்மா வரல. வீடு எப்படி நடக்குதுன்னு பாத்துட்டு, பாப்பாவைக் கூட்டிட்டுப் போறதா வேணாமான்னு முடிவு பண்ணப் போறாங்க."

வீடு நடக்கிறது என்று காட்டியாக வேண்டும். அவனுக்கு முட்டை அவிக்க மட்டும்தான் தெரியும். ஆனால் அலங்காரம் செய்துவிட்டால் அவித்த முட்டையும் விருந்துதான். மஞ்சள் கருவை மயோனைஸோடு பிசைந்து, கழுவிய பால் பாக்கெட்டில் அடைத்து, முனையை வெட்டி, முட்டைக் குழிகளில் சுருள் சுருளாகப் பிழிந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொத்தமல்லி இலை. வெள்ளரி வில்லைக்கு மேல் சீஸ், சீஸுக்கு மேல் ஒரு மாதுளை முத்து. நடுவில் தக்காளித் தோலைச் சுருட்டி ஒரு ரோஜா.

மனைவி இருந்தபோது இதில் கால்வாசி செய்திருந்தால் சிரித்திருப்பாள். இப்போது செய்வது பரீட்சைக்கு.

மாமனாரோடு மாமியார் வந்தார். பேத்தியைக் கட்டிக்கொண்டார். பிறகு தட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யாரு செஞ்சது மாப்பிள்ளை?"

"நான்தான் அத்தை."

"நீங்களா? குடிச்ச டம்ளரைக்கூட நகர்த்தி வைக்க மாட்டீங்கன்னு என் பொண்ணு சொல்லுவாளே!"

மாமனார் ஒரு முட்டையை வாயில் போட்டுக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவருக்குப் பேச வாய்ப்புக் கிடைத்ததில்லை. சாப்பிடக் கிடைத்தால் விடமாட்டார்.

அவனுக்கு மாமியாரின் சந்தேகம் புரிந்தது. வீட்டுக்குள் வேறு ஒருத்தி வந்துவிட்டாள் என்று நினைக்கிறார். மாற்றாந்தாய் கையில் பேத்தியை எவள் விட்டுவைப்பாள்?

"தட்டு புதுசா இருக்கே?"

"எதிர் வீட்டு டீச்சரோடது." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"டீச்சர் ஆன்ட்டிதான் எனக்கு ஜடை போடுவாங்க பாட்டி," என்றாள் மகள் பெருமையாக.

"அப்படியா? அவங்க தனியாவா இருக்காங்க?"

இனி சாட்சியைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை. ஓடிப்போய் டீச்சரை அழைத்துவந்தான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், விரலில் சிவப்பு மையோடு வந்து நின்றார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். தட்டு மட்டும்தானே குடுத்தீங்க?"

"தட்டு மட்டும்தான்."

"பாத்தீங்களா அத்தை? இவங்களையெல்லாம் நான் அப்படி நினைச்சுக்கூடப் பார்த்ததில்லை!"

'இவங்களையெல்லாம்' என்ற சொல் நடுக்கூடத்தில் விழுந்து கிடந்தது. டீச்சர் மேஜையில் கிடந்த செய்தித்தாளை விரித்தார். பிறகு முட்டைகளையும் வெள்ளரிகளையும் ஒவ்வொன்றாக அதில் இறக்கிவைத்தார். தட்டைத் துடைத்தார்.

"ஜடையை இனிமே நீங்களே பின்னிக்கங்க," என்று சொல்லிவிட்டுத் தட்டோடு போய்விட்டார். ரோஜா நசுங்கியிருந்தது.

"ஐயோ, கோவிச்சுக்கிட்டுப் போறாங்களே," என்றார் மாமியார். குத்திக் காட்டுகிறார் என்று அவன் நினைத்தான்.

"இருங்க அத்தை. உங்க கண்ணு முன்னாடியே செய்யறேன்."

புதுத் தக்காளி எடுத்தான். சமையல் கத்தியை அவசரமாக ஓட்டினான். தோல் அறுந்தது. இன்னொன்று எடுத்தான், அதுவும் அறுந்தது.

மாமியார் முகம் தெளிந்தது. "விடுங்க மாப்பிள்ளை. செஞ்சது யாரா இருந்தா என்ன? கைப்பக்குவம் நல்லாருக்கு."

"யாரும் இல்லை அத்தை!"

வேலைப் பையைத் திறந்து, பல்செட்டுக்கு மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்துவந்தான்.

"பல்லு செய்யற கத்தியா?" மாமியார் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். மாமனாரின் கை முட்டைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது, யோசித்தது, பயணத்தைத் தொடர்ந்தது.

பழகிய கத்தி பட்டதும் கை நிதானத்துக்கு வந்தது. தோல் ஒரே நாடாவாக இறங்கியது. சுருட்டி நிறுத்தினான். முதல் ரோஜாவை விட அழகாக இருந்தது.

"இப்ப நம்புறீங்களா? இந்த வீட்டுல எந்தப் பொம்பளையும் இல்லை. இனிமே வரப்போறதும் இல்லை!"

மாமியார் நம்பினார். ரோஜாவை ஒரு முறை பார்த்தார். பேத்தியைக் கைப்பிடித்து உள்ளறைக்குப் போனார்.

ஜெயித்துவிட்ட தெம்பில் அவன் இன்னொரு முட்டையை மாமனாரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

"யாராவது ஒருத்தி இருந்தா பாப்பாவை நிம்மதியா இங்கேயே விட்டுட்டுப் போயிடலாம்னு உங்க அத்தை வழியெல்லாம் வேண்டிக்கிட்டு வந்தா மாப்பிள்ளை," என்றார் மாமனார். "இப்ப பாப்பாவோட துணியை எடுத்து வைக்கிறா."