ஆட்சேபிக்க அனுமதி

"உக்காருங்க சார்! எல்லாரும் பாக்கறாங்க!" என்று தையற்கடை அக்கா தன் வக்கீலின் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

வக்கீல் உட்காரவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் நிற்கும்போது எப்படி உட்காருவார்? நிற்பது மேஜர் ஆயிற்றே! பனிமலைக் காவலில் தோளில் துப்பாக்கியும் மடியில் சட்டப் புத்தகமுமாக இருந்து பட்டம் வாங்கியவர். அந்தக் கதையைக் கேட்டு மெய்சிலிர்த்துத்தான், அக்காவின் வக்கீலான இந்த ஹவில்தாரும் ராணுவத்தில் ஓய்வு பெற்ற கையோடு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார்.

இன்று முதல் வழக்கு. தோற்றால் அக்கா கடையைக் காலி செய்ய வேண்டும்.

கூண்டில் நின்ற கட்டட உரிமையாளரிடம் மேஜர் கேட்டார்: "கடையை இவங்க உள்வாடகைக்கு விட்டாங்க, அப்படித்தானே?"

"ஆமாங்க!"

சொந்தச் சாட்சிக்கே பதிலை ஊட்டிவிடும் கேள்வி! சட்டப்படி கூடாது. ஹவில்தார் குதிகாலைச் சேர்த்தார். மேஜரைப் பார்த்து, "சார்! ஆட்சேபிக்க அனுமதி வேணும், சார்!"

"அனுமதி இல்லை!" என்றார் மேஜர், பழக்க தோஷத்தில்.

"எஸ், சார்!"

நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இங்கே ஜட்ஜ் நானா, அவரா?"

கோர்ட்டே சிரித்தது.

"அவர் மூஞ்சியப் பாத்தாத்தானே பயம்? பாக்காதீங்க!" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

அடுத்த கேள்வி விழுந்ததுமே ஹவில்தார் விறைப்பாகத் திரும்பி நின்றார். மேஜர் முகம் மறைந்தது. ஆனால் நீதிபதிக்குத் தெரிந்தது ஹவில்தாருடைய முதுகு.

"கோர்ட்டுக்கே முதுகைக் காட்டறீங்களா? இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா வெளியே அனுப்பிடுவேன்!"

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. "கண்ணை மூடிக்கிட்டாவது கத்துங்க சார்! என் பொழப்பே போகுது!"

ஹவில்தார் கண்ணை மூடினார். பயிற்சி மைதானத்தில் இளம் அதிகாரிகளை விரட்டி விரட்டிப் பழுத்த தொண்டை, பல வருடம் கழித்துத் திறந்தது.

"ஆட்சேபணை...!"

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

கண்ணைத் திறந்தவர் திகைத்தார். மேஜர் மார்பை நிமிர்த்தி, கைகளை உடம்போடு ஒட்டி, சிலையாக நின்றார். மேடைமேல் நீதிபதி அம்மாவும் அப்படியே!

"ஏ... ஏற்கப்படுகிறது," என்று நீதிபதி மெல்ல உட்கார்ந்தார். "மேஜர், பதிலைச் சொல்லித் தராமக் கேளுங்க."

மேஜர் கேள்வியை மாற்றினார். "கடையை யாருக்கு விட்டாங்க?"

உரிமையாளர் மேஜரையே பார்த்தார். "அது... நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே சார்?"

வழக்கு தள்ளுபடி. அக்கா கும்பிட்ட கையை இறக்கவில்லை.

ஹவில்தாருக்கோ வெற்றியே மனதில் ஏறவில்லை. மேஜர் முன்னால் குரலை உயர்த்திவிட்டாரே! மன்னிப்புக் கேட்கத் தேடினால், மேஜரைக் காணோம்.

நீதிபதியின் அறைக்குத் தண்ணீர் கொண்டுபோய்விட்டுத் திரும்பிய கோர்ட் சேவகன் டவாலி, ஹவில்தாரைப் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றே சொன்னான்:

"அம்மாவும் மேஜரும் உங்ககிட்ட ராணுவப் பயிற்சி எடுத்த ஒரே செட்டு சார், 'இந்தக் குரல் கேக்காத வேலை எது'ன்னு தேடித்தான் ரெண்டு பேரும் சட்டமே படிச்சாங்களாம்!"