ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

திருப்பூரில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் ஒன்று வசதி இல்லாதவனாக இருப்பான், இல்லையென்றால் டாக்டர் பயமுறுத்தியவனாக இருப்பான். நான் இரண்டும் இல்லை. பதவி ஆசையில் சைக்கிள் வாங்கியவன். நாற்பத்து மூன்று வயதில், சர்க்கரையும் கொழுப்பும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை வீட்டில் நிறுத்திவிட்டு இதைச் செய்தேன். (சுற்றுச்சூழல் மேல் அக்கறை என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். நம்பியவர்கள் மன்னிக்க வேண்டும்.)

அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் உள்ளூர் முதலாளிக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற வேலை. எங்கள் பெரிய பையர் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு அம்மா. இனிமேல் துணியை மட்டும் பார்க்க மாட்டோம், அது எவ்வளவு பசுமையாகத் தயாராகிறது என்றும் பார்ப்போம் என்று எழுதியிருந்தார். அதற்காகத் தனிப் பிரிவு தொடங்கி ஒரு மேனேஜரைப் போடப் போவதாகவும், அந்த அம்மா நேரில் வரும் நாளில் பெயரைச் சொல்லப் போவதாகவும் முதலாளி அறிவித்தார்.

அதே அம்மா ஒரு மெயிலின் கடைசியில், தான் தினமும் சைக்கிளில்தான் ஆபீஸ் போவதாக ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் காரை விட்டு இறங்கும் நேரத்தில், தற்செயலாக நான் சைக்கிளில் கேட்டுக்குள் நுழைய வேண்டும். மீதி தானாக நடக்கும்.

மூன்று வாரம் வீடியோ பார்த்தேன். டயர் அகலம், டிஸ்க் பிரேக், பிரேம் உயரம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் எந்நேரமும் போன். இன்ச் டேப்பைக் கொடுத்து என் காலின் உள்பக்கத்தை அளந்து சொல்லச் சொன்ன அன்று, என் மனைவி கவிதாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏனுங்க, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப காப்பி ஆறறதுக்குள்ள சரின்னு சொல்லிப்போட்டீங்க. ஒரு சைக்கிளுக்கு இத்தன ரோசனையா?”

“அப்ப வீடியோ எல்லாம் இல்லையே” என்றேன். அன்று எனக்கு ரசம் சோறு மட்டும்தான் கிடைத்தது.

கடைக்காரர் இரண்டே நிமிடத்தில் விஷயத்தை முடித்தார். “மேடு ஏறோணும்னா மவுண்டன் பைக்குங்க. பறக்கோணும்னா ரோடு பைக்குங்க. உங்களாட்ட ஆபீஸ் போறவங்களுக்கு ஹைப்ரிட்டுங்க. அது அதுவுமில்ல, இதுவுமில்லீங்க.”

தொழிலாளியாகவும் இல்லாமல் முதலாளியாகவும் இல்லாமல் பதினெட்டு வருடம் ஓட்டியவனுக்கு அது பொருத்தமாகத்தான் பட்டது. சாம்பல் நிறம், இருபத்தொரு கியர்.

“மட்கார்டு, ஸ்டாண்டு, பெல்லு எல்லாந் தனியாங்க. போட்டுரலாங்களா?”

மட்கார்டும் ஸ்டாண்டும் சைக்கிளின் அழகைக் கெடுக்கும் வெட்டிச் சுமை என்று வீடியோக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். (அவர் ஊரில் குழாய் பதிக்கத் தோண்டி அப்படியே விட்ட ரோடு கிடையாது போலிருக்கிறது.) வேண்டாம் என்றேன்.

“மழ பேஞ்சா முதுகுல அடிக்குமுங்க” என்றார். விவரம் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பையர் வரும் நாள் விடியற்காலையில் மழை பெய்து ஏழு மணிக்கு விட்டது. வெள்ளைச் சட்டை, புது ஹெல்மெட், ராயபுரத்திலிருந்து கிளம்பினேன். பெல் இல்லாததால் அவினாசி ரோடு முழுக்க “சார், சார்” என்று கத்திக்கொண்டே போனேன். மற்றவர்கள் ஆரன் அடித்தார்கள். பாதி வழியில் கியரை மாற்றப் போய்ச் செயின் கழன்றது. அதை மாட்டி முடித்தபோது வலது கை மணிக்கட்டு வரை கறுப்பு கிரீஸ். எப்படியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட்டில் செக்யூரிட்டி பெருமாள் அண்ணன் கையை நீட்டி மறித்தார்.

“சைக்கிள் இந்த வழியா போகப்படாது.”

“நான்தாண்ணே” என்று ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

“தெரியுது சார். பையர் வார அன்னைக்கு சைக்கிள் எல்லாம் பின் கேட்டுலதான போகணும். சர்க்குலர் ஒட்டியிருக்குல்லா?”

காவல் கூண்டுக்குள் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். அடியில் என் கையெழுத்து இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், “முன்னாடி பாக்க நல்லாருக்கறதில்லீங்க தம்பி” என்று முதலாளி ஒரு வார்த்தை சொன்னதற்கு, ஏசி அறையில் உட்கார்ந்து நல்ல ஆங்கிலத்தில் நானே அடித்துக் கொடுத்தது. சைக்கிளில் வருகிறவர்கள் மனிதர்கள் என்பது அந்த ஆங்கிலத்தில் எங்கும் இல்லை.

“ஒங்களுக்குத் தொறந்துவிட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாவ சார்” என்றார் அவர். நியாயமான மனுஷன்.

காம்பவுண்டைச் சுற்றிப் போனேன். பின் கேட்டுக்குப் போகும் சந்துப் பாதையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கணுக்கால் வரை சேறு. முப்பது நாற்பது பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தைத்து வந்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் இருக்கும் செல்வி அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

“ஏனுங்க சார், நீங்களுமா? ஸ்கூட்டர வித்துப்போட்டீங்களா?”

“இல்லீங்க, சும்மா…”

“சொல்ல வேண்டாமுங்க. எல்லா ஊட்டுலயுந்தான் கஷ்டம். ஒடம்பு நல்லாருந்தா மறுக்கா வாங்கிக்கலாமுங்க.”

நான் மறுக்க மறுக்க அவருக்கு இரக்கம் கூடியது. பிறகு என் முதுகைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பின் சக்கரம் இடுப்பிலிருந்து கழுத்து வரை சேற்றால் ஒரு வகிடு எடுத்துவிட்டிருந்தது. “மட்கார்டு கூட இல்லாத சைக்கிள எவனோ உங்க தலைல கட்டிப்போட்டானுங்க சார்.” அவருடைய பழைய லேடீஸ் சைக்கிளில் மட்கார்டு, ஸ்டாண்டு, பெல், கூடை எல்லாமே இருந்தன. அவர் முதுகில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

“பையர் வாரப்பெல்லாம் இதே கூத்துதானுங்க” என்று தொடர்ந்தார். “இப்புடிச் சுத்தி வாரதுக்குள்ள பஞ்சிங் லேட்டாயிருது, அர நாள் சம்பளத்தப் புடிச்சுக்கறாங்க. இந்த ரூல எந்தப் புண்ணியவான் போட்டானோ, அவனும் ஒரு நாளைக்கு இந்தச் சேத்துல நடக்கோணுமுங்க.”

சொல்லி முடிக்கும்முன்பே பலித்துவிட்ட சாபம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். “ஆமாங்க” என்றேன். அதற்கு மேல் சொல்லத் தைரியம் வரவில்லை.

உள்ளே முதலாளி என் கோலத்தைப் பார்த்து அரண்டுவிட்டார். “என்னங்க தம்பி இது? அந்தம்மா வார நேரம். நீங்க மேல சாம்பிள் ரூம்லயே இருந்துக்கங்க, கீழ வர வேண்டாம்.” பதவி கைநழுவுவதை மாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. “தம்பி, அந்தச் சைக்கிளத் தொடச்சு முன்னாடி கொண்டாங்க. அந்தம்மா பாத்துப்போட்டாங்க. போட்டோ எடுக்கோணுமாமா.”

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சேற்றுச் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, சாம்பிள் ரூமில் கிடந்த ஒரு ரிஜெக்ட் டீ-சர்ட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் துடைத்து முன்பக்கம் ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே வெள்ளைச் சட்டையில் முதலாளி தயாராக நின்றார். என் காதருகே குனிந்தார்.

“நம்ம சைக்கிள்னு சொல்லிப்போட்டேனுங்க தம்பி. தப்பா நெனச்சுக்காதீங்க. கம்பெனி வேற, நீங்க வேறீங்களா?”

ஏறி உட்கார்ந்தார். என் காலுக்கு அளந்து வாங்கிய சைக்கிள். அவருக்குக் கால் தரையில் எட்டவில்லை. ஸ்டாண்டும் இல்லை.

“சித்த பின்னாடி புடிச்சுக்கங்க தம்பி.”

பிடித்துக்கொண்டேன்.

“இன்னுங் கொஞ்சம் குனிஞ்சுக்கங்க. தல தெரியுதாமா.”

எங்கள் ஊரில் ஒருவனைக் கீழே குனிய வைக்கும்போது கூட ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார்கள். குனிந்தேன். படம் எடுத்து முடித்ததும் அந்த அம்மா, சைக்கிள் துடைக்கிற ஆளுக்குச் சொல்வதுபோல், என்னைப் பார்த்துச் சிரித்து நன்றி சொன்னார். ஆறு வருடமாகத் தினமும் தனக்கு மெயில் எழுதுகிறவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். குனிந்து பழகிய வாயிலிருந்து “வெல்கம் மேடம்” மட்டும்தான் வந்தது.

பதவி முதலாளியின் அக்கா மகனுக்குப் போயிற்று. அவர் தெருமுனைக் கடைக்குக்கூடக் காரில் போகிறவர். “பையருங்க வந்து போற எடம், கொஞ்ச நாளைக்கு இங்கயே இருக்கட்டுங்க” என்று ரிசப்ஷனில் நிறுத்தப்பட்ட சைக்கிள் இன்றும் அங்கேயே இருக்கிறது. அந்தச் சர்க்குலரைக் கிழித்துப் போட்டேன் என்று இங்கே எழுத எனக்கு ஆசைதான். கிழிக்கவில்லை. நான் மறுபடியும் ஸ்கூட்டரில் முன் கேட்டு வழியாகப் போவதைப் பார்த்த செல்வி அக்கா, “கஷ்டம் தீந்துதுங்களா சார்?” என்று மனதாரச் சந்தோஷப்பட்டார். “தீந்துதுங்க” என்றேன்.

அடுத்த வருடக் கம்பெனி காலண்டரில் அந்தப் படம்தான். முதலாளி, சைக்கிள், சீட்டுக்குக் கீழே கிரீஸ் அப்பிய ஒரு கை. கவிதா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். “இந்தக் கைய நான் எங்கியோ புடிச்சிருக்கறேனுங்களே” என்றாள். சிரித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஏணி பிடிக்க, சிலிண்டர் பிடிக்க, விசேஷ வீட்டில் பந்தல்கால் பிடிக்க என்று எதற்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். “அவருக்குத்தான் புடிச்சுப் பழக்கமுங்க” என்பாள் கவிதா.

அதற்கடுத்த வருடம் படத்தைத் திருத்திக் கையை எடுத்துவிட்டார்கள். இரண்டு காலும் பெடலில் இருக்க, யாரும் பிடிக்காமல் முதலாளி அந்தரத்தில் நேராக உட்கார்ந்திருந்தார். ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வந்து, சீட்டுக்குக் கீழே தானே ஒரு கறுப்புக் கையை வரைந்து வைத்தாள். அவசரத்தில் விரல் ஆறாகிவிட்டது.

வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால் அவளே பதில் சொல்வாள்.

“அது எங்கப்பாங்க. மீதிய வெட்டிப்போட்டாங்க.”