மூன்று மணிப் பள்ளம்

மனித குலம் பசியை அனுபவித்து வந்த காலம் மிக நீண்டது. அதைப் புரிந்துகொண்ட காலமோ எங்கள் ஆய்வு நிலையத்தில், சென்ற ஆண்டு, இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், தேநீர் இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பு தொடங்கியது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தின் குறிப்பை எழுதியவன் நான். நேரம் உட்படப் பதிவாகியிருக்கிறது.

நான் விஞ்ஞானி அல்ல, நிலையத்தின் குறிப்பெழுத்தர். பெரியவர்கள் பேசியதை எழுதுவேன். பேச மறந்ததையும் பேசியதாக எழுதுவேன். கடைசியில் 'ஒருமனதாக' என்ற சொல்லைச் சேர்ப்பேன். எங்களிடம் கணித இயற்பியல், உணவு அணுகல், சோதனைத் தொழில்நுட்பம் என்று மூன்று துறைகள் உண்டு. மூன்றுக்கும் வேலை இல்லையோ என்று மேலிடம் சந்தேகப்பட்டது. உடனே இயக்குநர் மூன்றையும் ஒன்றாகக் கட்டி ஒரே திட்டமாக்கிவிட்டார். 'உணவு அணுகல்' என்றால் என்னவென்று சிலர் கேட்கக்கூடும். சாப்பாடு கிடைக்கிறதா இல்லையா என்பதைக் கௌரவமாகச் சொல்லும் முறை அது.

திட்டத்தின் மூளை எங்கள் கணித இயற்பியலாளர். தொடங்கிய பேச்சை அவர் முடித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு 'முடிவிலி' என்று பெயர். கை, பொறியாளர். எப்போதும் பற்றவைக்கும் ஈயக் கம்பியோடு திரிவதால் அவர் 'ஈயம்'. பசியைச் சமன்பாட்டில் அடைக்க முடிவிலி முன்வந்தார். அதை அளக்க ஈயம் ஒரு பட்டை செய்தார். வயிற்றில் கட்டிக்கொண்டால் அது உள்ளே எழும் உறுமலைக் கேட்டு, ஐந்து நிமிடத்துக்கொருமுறை எங்கள் கணினிக்குச் சொல்லும்.

பசித்தவர்களைத் தேடி அலைய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எங்கள் மதிலுக்குப் பின்னால் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு தெரு இருக்கிறது. அங்கிருந்த ஒரே மளிகைக் கடையை இடித்துத்தான் எங்கள் வாகன நிறுத்தம் கட்டப்பட்டது. அடுத்த கடைக்கு நெடுஞ்சாலையைக் கடந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும்.

"இப்படி ஒரு ஆய்வுக்களம் தானா அமையாது. நாமதான் உருவாக்கணும்," என்றார் இயக்குநர்.

அந்தத் தெருவில்தான் என் தங்கையின் வீடும் இருக்கிறது. என் வீட்டிலிருந்து நானூறு தப்படி. அவள் கணவர் சுவருக்கு வண்ணம் அடிப்பவர். ஏணியிலிருந்து விழுந்து காலில் கட்டோடு படுத்திருந்தார். இரண்டு பிள்ளைகள். அவள் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அறிவியலுக்கு என் குடும்பத்தின் பங்கும் இருக்கட்டுமே என்று முதல் ஆளாக அவள் பெயரைக் கொடுத்தேன்.

"இதைக் கட்டிக்கிட்டா என்னண்ணா கிடைக்கும்?" என்றாள்.

"ஆய்வு முடிஞ்சதும் தெருவுக்கே நல்லது நடக்கும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பட்டைய நனைக்கக் கூடாது."

ஆய்வு என்றால் நெறி வேண்டும். பதினொரு விதிகள் வகுத்தோம். ஒன்பதாம் விதி என் சொந்தச் சரக்கு. ஒருவரைக் கண்டதும் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடும் கெட்ட பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கேட்டால் அவர் தன் வயிற்றை நினைப்பார். நினைத்தால் உறுமல் மாறும். ஆகவே, 'நிலைய ஊழியர் எவரும் ஆய்வுக்கு உட்பட்ட எவரிடமும் சாப்பிட்டாயா என்று வினவலாகாது. வினவும் நிலையைத் தோற்றுவிக்கும் எந்தச் செயலிலும் ஈடுபடலாகாது' என்று எழுதிக் கொடுத்தேன். முடிவிலி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு விஞ்ஞானி என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க அந்தக் கையால் வேறு எதையும் எழுதவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்குப் போனால் வெயிலைப் பற்றிப் பேசுவேன். கையில் எதுவும் கொண்டுபோவதில்லை. தின்பண்டப் பொட்டலம் என்பது வினவும் நிலையைத் தோற்றுவிக்கும் செயல் அல்லவா!

இரண்டே வாரத்தில் உலகை உலுக்கும் உண்மை ஒன்று சிக்கியது. வரைபடத்தில் பின்தெருவின் பசிக்கோடு காலையிலிருந்து ஏறுகிறது, மதியம் உச்சிக்குப் போகிறது. சரியாக மூன்று மணிக்குத் தொப்பென்று விழுகிறது. தினமும் மூன்று மணி. ஞாயிறன்று மட்டும் விழுவதில்லை.

"மூணு மணிக்குப் பசி தானாவே குறையுது," என்றார் முடிவிலி. "இது சாதாரண விஷயம் இல்லை. இது ஒரு புலம். எதிர்ப்பசிப் புலம்!"

"ஞாயித்துக்கிழமை ஏன் குறையலை?" என்றார் இயக்குநர்.

"புலத்துக்கு வார விடுமுறை இருக்கலாம் சார். ஆறு நாள் சுழற்சி. சமன்பாட்டுல வருது."

"அங்க யாராவது சாப்பிட்டிருப்பாங்களோ?" என்று உணவு அணுகல் துறையின் தலைவர் மெல்லக் கேட்டார்.

அறையில் எல்லோரும் அவரைப் பாவமாகப் பார்த்தோம். அவருக்கு உடல்நலக் குறைவு என்று எழுதி, அவர் சொன்னதைக் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டேன்.

எதிர்ப்பசிப் புலத்தைப் பற்றி மூன்று கட்டுரைகள் வெளியாயின. கடல் தாண்டி ஒரு குழு வந்து, பின்தெருவைப் படம் எடுத்து, எங்கள் தேநீரைப் புகழ்ந்துவிட்டுப் போனது. புலத்தைப் பிடிக்க மொட்டை மாடியில் ஈயம் ஒரு பெரிய வலைக்கிண்ணத்தை நிறுத்தித் தெருவைப் பார்த்துத் திருப்பிவைத்தார். புலம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய ஒரு கைக்கருவியும் செய்தார். ஒரு நாள் இரண்டே முக்காலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். முள் காட்டிய வழியில் பின்தெருவுக்குள் நடந்து, மதிலோரம் திரும்பி, முள் துடிதுடித்து நின்ற இடத்தில் தானும் நின்றார். அது எங்கள் நிலையத்துக் கேன்டீனின் பின்கதவு. கதவில் கரண்டியோடு நின்ற கேன்டீன் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தட்டு கொண்டாந்தீங்களா? வரிசையில வாங்க."

நாங்கள் மதியம் சாப்பிட்டதுபோக மிஞ்சியதை, கேன்டீனுக்கு விடுமுறையான ஞாயிறு தவிர, அக்கா தினமும் மூன்று மணிக்குப் பின்கதவு வழியாகத் தெருவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடை இடிபட்ட நாளிலிருந்து. யாரிடமும் கேட்காமல், ஒரு சமன்பாடும் இல்லாமல்.

அவசரக் கூட்டம் கூடியது. முடிவிலி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்ததுபோல இருந்தது அவர் முகம். அக்காவை அழைத்து நிறுத்தினோம்.

"நீங்க பண்ணது எங்க ஆய்வுல பிழையா வந்துடுச்சு," என்றார் இயக்குநர்.

"பசிக்குதுன்னு வந்தவங்களுக்குச் சாப்பாடு போட்டது பிழையா?"

"பிழைன்னா தப்புன்னு அர்த்தம் இல்லக்கா," என்று ஈயம் விளக்கினார். "உண்மையான பசியப் பாக்க விடாம மறைக்குதுன்னு அர்த்தம்."

"உண்மையான பசியப் பாக்கணும்னா மதியம் சாப்பிடாம உக்காந்து பாருங்க. எதுக்கு இத்தனை வயரு?"

அக்காவுக்கு விஞ்ஞான மனப்பான்மை போதாது என்று குறிப்பில் எழுதினேன். ஆறு வாரத்துக்குத் தூய தரவு தேவை. ஆகவே பின்கதவைப் பற்றவைத்து மூடுவது என்றும், மிஞ்சிய உணவை எடைபோட்டு, மருந்து தெளித்து, மூடிய பீப்பாயில் 'அறிவியல் முறைப்படி' அப்புறப்படுத்துவது என்றும் முடிவாயிற்று. ஒருமனதாக. தன் வாழ்நாளில் ஈயம் பற்றவைத்து உடையாமல் நின்ற ஒரே பொருள் அந்தக் கதவுதான்.

மூன்றாவது வாரம், கேன்டீனில் என் தட்டில் பரிமாறும்போது அக்கா குனிந்து சொன்னார். "தம்பி, உன் தங்கச்சி தினமும் மூணு மணிக்கு வந்து கதவுகிட்ட நிக்குது. தட்டுது. கூட ரெண்டும் நிக்குதுங்க. என்னால இந்தப் பக்கம் நின்னு கேக்க முடியல. நீயாவது போய்ப் பாரேன்."

"ஒன்பதாம் விதி இருக்குக்கா," என்றேன்.

"அதை யாரு போட்டா?"

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். அன்று பாதியை அப்படியே மிச்சம் வைத்தேன். அது எடைபோடப்பட்டுப் பீப்பாய்க்குப் போயிற்று.

அந்த ஞாயிறு தங்கை வீட்டுக்குப் போனேன். பட்டையில் இன்னும் இரண்டு துளை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். நான் வெயிலைப் பற்றிப் பேச வாயெடுத்தேன்.

"வாண்ணா," என்றாள். "சாப்பிட்டியா?"

நாங்கள் அவர்களைக் கேட்கக் கூடாது என்றுதான் விதி. அவர்கள் எங்களைக் கேட்கக் கூடாது என்று எழுத எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. "ஆச்சு," என்றேன். பிள்ளைகள் இரண்டும் என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளையே பார்த்தன. கையில் கோப்பு இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, மிகவும் வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை அளக்கும் கருவி எங்கள் நிலையத்தில் இல்லை. ஆகவே வெயிலைப் பற்றிச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஆறு வாரம் முடிந்தது. மூன்று மணிப் பள்ளம் மறைந்து, கோடு ஏறியது ஏறியபடியே நின்றது. ஒரு மேடில்லை, ஒரு நெளிவில்லை. முடிவிலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பாருங்க, எவ்வளவு நேரா இருக்கு! இன்னொரு சந்தோஷமும் இருக்கு. எனக்கு ஆரம்பத்துலயே ஒரு பயம். உறவுக்காரங்க. பக்கத்துல இருக்கற அண்ணன், தம்பி யாராவது கொண்டுபோய்க் குடுத்துட்டா சமன்பாடு சிக்கலாயிடும். தீர்க்கவே முடியாது. ஆனா தரவு என்ன சொல்லுது? சமன்பாட்டுல உறவுங்கற உறுப்போட மதிப்பு சுழியம். குறிப்பா பதினேழாம் எண். வீட்டுக்காரர் கால் ஒடிஞ்சு கிடக்கார், ரெண்டு பிள்ளைங்க. நானூறு தப்படியில நிரந்தர வேலையில ஒரு அண்ணன். அப்படியும் சுழியம்! ஆறு வாரமும் சுழியம்!"

பங்கேற்றவர்கள் யாரென்று எவருக்கும் தெரியக் கூடாது என்பது நான்காம் விதி. எங்களுக்குக் குலுக்கிப் போட்டுக் கொடுத்த எண் மட்டுந்தான் தெரியும். அந்த அண்ணன் யாரென்று நான் கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். 'பலத்த கைதட்டல்' என்று எழுத வேண்டியிருந்ததால் என்னால் தட்ட முடியவில்லை.

நிலையத்துக்குப் பெரிய விருது கிடைத்தது. தெருவுக்கு வாக்களித்தபடி நல்லதும் நடந்தது. பின்தெருவின் நடுவே ஈயம் ஓர் உயரமான கம்பத்தை நட்டார். அதன் உச்சியில் உள்ள திரையில் தெருவின் சராசரிப் பசி, உடனுக்குடன், இரண்டு தசம இடம் வரை ஒளிர்கிறது. மக்கள் இனித் தங்கள் பசியைக் குத்துமதிப்பாக உணர வேண்டியதில்லை. கதவைத் திறக்கலாமா என்று அக்கா கேட்டதற்கு, இரண்டாம் கட்ட ஆய்வு தொடங்குவதாகப் பதில் போயிற்று. அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன்.

விருது பெற்ற கட்டுரை நாற்பத்திரண்டு பக்கம். அச்சுக்குப் போன பிறகுதான் முடிவிலி தன் சமன்பாட்டில் ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியாகிவிட்டதைக் கவனித்தார். தெரு மக்கள் அனைவரும் உபரியாகச் சாப்பிடுவதாக அது காட்டுகிறது. ஈயத்தின் பட்டைகளில் பாதி, வயிற்றுக்குப் பதிலாகத் தையல் இயந்திரத்தைக் கேட்டிருக்கின்றன. வரைபடங்கள் தலைகீழாக அச்சாகியிருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில், கடைசிப் பக்கத்தில், நன்றியுரையில், பிழையே இல்லாத வரி ஒன்று உண்டு. தட்டெழுதியவன் நான் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியும்:

'ஆறு வாரமும் எவ்வகையிலும் குறுக்கிடாமல் ஒத்துழைத்த பதினேழாம் எண்ணின் அண்ணனுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.'