பென்குயின் எழுதிய வாழ்த்துப்பா

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துகளில் எங்காவது லேமினேட் இயந்திரம் ஓடினால், அந்தச் சூடான பிளாஸ்டிக் வாசனை மல்லிகைச் சரங்களின் வாசனைக்குள் புகுந்துகொண்டு வரும். மற்றவர்களுக்கு அது நகல் கடையின் வாசனை. எனக்கு அவமானத்தின் வாசனை. மூக்கில் பட்டதும் என் வலது ஆள்காட்டி விரல் தானாகக் காற்றில் தட்டத் தொடங்கும். கூட நடந்துவரும் என் மனைவி கோமதி அந்த விரலைப் பிடித்து இறக்கிவிட்டு, "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்பாள்.

ஒப்புக்கொள்கிறேன். நான் விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போனதற்குக் கணினி அறிவு காரணமில்லை. ஒரே ஒரு சொல்தான் காரணம்.

என் மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது. புதிய விண்டோஸுக்கு அது தகுதியில்லை என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு அப்படிப்பட்ட அறிவிப்புகள் உடம்பிலிருந்தே நிறைய வருகின்றன. கணினியும் சேர்ந்துகொண்டால் தாங்குமா? அந்த நேரம் பார்த்து ஒரு காணொளியில் ஒருவர், லினக்ஸ் என்றால் விடுதலை என்றார். விடுதலை! கவிதை எழுதுகிறவனிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் கூண்டு எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் பறக்கத் தொடங்கிவிடுவான்.

"ரைஸ் குக்கர்ல மூணாவது பட்டன் எதுக்குன்னு இன்னும் தெரியாது. உங்களுக்கு எதுக்குங்க இது?" என்றாள் கோமதி. "நூருதீன் அண்ணன் வீட்டுக் கல்யாணம் வேற வருது. அது முடியட்டுமே."

அவள் சொன்னதில்தான் என் உயிரே இருந்தது. நூருதீன் என் பால்ய நண்பன். குவீன்ஸ்டவுனில் ஒரே புளோக்கில், அவன் நான்காம் மாடி, நான் ஆறாம் மாடி. அவனுடைய நிக்காஹ்வுக்கு நான் வாழ்த்துப்பா எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். கடைசி வரியில் ஒரு சொல் அமையவில்லை. அமைந்ததும் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது பிரியாணிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். இருபத்தேழு ஆண்டுகளாக அவன் அதை எந்தப் பந்தியிலும் சொல்லாமல் விட்டதில்லை. இப்போது அவன் மகள் சபியாவுக்குக் கல்யாணம். "எனக்குத்தான் நீ படிக்கல. என் புள்ளைக்காவது மேடையில நின்னு படி. இதுலயும் சொதப்புன, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை.

இந்த முறை நான் முன்கூட்டியே எழுதி முடித்துவிட்டேன். பதினாறு வரி. நாற்பது முறை திருத்தி, தம்ப் டிரைவில் பத்திரமாக ஏற்றிவிட்டேன். கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள். எட்டு நாளில் ஒரு மனிதன் விடுதலை அடைய முடியாதா?

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து நிறுவத் தொடங்கினேன். அது ஒவ்வொன்றாகக் கேட்டது. நான் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் கறுப்பாக ஒரு சன்னல் திறந்து கடவுச்சொல் கேட்டது. தட்டினேன். ஒன்றும் விழவில்லை. புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை, கோடு மட்டும் கண் சிமிட்டியது. இன்னும் ஓங்கித் தட்டினேன். விசைப்பலகை செத்துவிட்டது என்று நினைத்து அதைக் கவிழ்த்து உதறினேன். (முறுக்குத் தூள்தான் விழுந்தது.) அங்கே கடவுச்சொல் அடித்தால் திரையில் எதுவும் தெரியாது, அதுதான் முறை என்று எனக்குப் புரிய ஒரு பொழுது ஆயிற்று. எழுதுவது தெரியாமல் எழுதுவது! இது கணினியா, துறவறமா?

எல்லாம் முடிந்து, திரையில் லினக்ஸின் சின்னமான பென்குயின் வந்து நின்றது. பெருமையோடு தம்ப் டிரைவைச் செருகி வாழ்த்துப்பாவைத் திறந்தேன். தலைப்பில் 'திருமண வாழ்த்து' இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது:

jpUkz tho;j;J

கீழே பதினாறு வரியும் அதே பாஷை.

பழைய தட்டச்சுக்காரர்களுக்கு இதன் காரணம் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் இருபது வருடமாக எழுதிவந்தது ஒரு பழைய எழுத்துருவில். அதில் உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. மேலே தமிழ் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். இணையத்தில் லினக்ஸ்காரர்கள் கூடும் ஒரு மன்றத்தில் முறையிட்டேன். "எந்த டெஸ்க்டாப்?" என்று ஒருவர் கேட்டார். "டெஸ்க்டாப் இல்லை ஐயா, லேப்டாப்" என்று பணிவாகப் பதில் போட்டேன். அவர் கேட்டது லினக்ஸின் திரைத் தோற்றம் எந்த வகை என்று; அது எனக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் இரங்கி வழி சொல்ல, பழைய எழுத்துருவைத் தேடிப் பிடித்து நிறுவினேன். முகமூடி திரும்பி வந்தது. தமிழ் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

அந்த முகமூடி என் கணினியில் மட்டும்தான் இருக்கிறது, கோப்பில் இல்லை என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்து, வீட்டு பிரிண்டர். அதுவும் பென்குயினும் சம்பந்திச் சண்டைக்காரர்கள் போல முகம் கொடுத்துப் பேசவில்லை. சரி போகட்டும் என்று தம்ப் டிரைவை எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் ஒரு நகல் கடைக்குப் போனேன். கடையை நடத்தியவர் ஒரு சீன ஆன்ட்டி. தங்கக் கரை போட்ட அட்டையில் அச்சடித்து, லேமினேட் செய்து, சட்டம் போட்டு, பரிசுத் தாளில் சுற்றி வையுங்கள், கல்யாணத்தன்று போகிற வழியில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் அவர் அச்சடித்ததைப் படமெடுத்துக் கைபேசியில் அனுப்பினார். எழுத்து இப்படித்தானா, சரியா என்று கேட்டிருந்தார். அப்போது நான் மேசைக்கடியில் இருந்தேன். மடிக்கணினியில் திடீரென்று சத்தம் வராமல் போயிருந்தது. கறுப்புச் சன்னலில் எதையோ அடித்ததில் இன்னும் மோசமாகி, திரை தலைகீழாகத் திரும்பியிருந்தது. அதைப் படிக்க நானும் தலைகீழாகக் கிடந்தேன். அந்தக் கோலத்தில் படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அவருக்குக் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன். (அந்தக் கட்டைவிரலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை. சமூக மன்றத்து மண்டபம். அத்தர் வாசனை, பிரியாணி வாசனை, இருநூறு பேர். நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை பைசலும் சபியாவும் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். நூருதீன் முன்வரிசையில் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். இருபத்தேழு ஆண்டுகள் அந்த நாற்காலியில் அவனோடு உட்கார்ந்திருந்தன.

நான் மேடையேறி நீட்டிய பரிசுப் பொட்டலத்தைச் சபியாவே பிரித்தாள். பார்த்தாள். பைசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெல்ல, "மாமா, இது என்ன லாங்குவேஜ்?" என்றாள்.

jpUkz tho;j;J. தங்கக் கரைக்குள் அது மின்னியது.

மனப்பாடமாகச் சொல்லலாம் என்றால், நாற்பது திருத்தமும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நெருக்கின. ஒன்றும் உள்ளே வரவில்லை. கையில் ஒலிவாங்கி. முன்னால் நூருதீன். அவன் முகம் சட்டி கழுவிய நாளின் முகமாக மாறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் விரல் அசைந்தது. j என்பது வலது ஆள்காட்டி விரல் ஓய்வெடுக்கும் இடம். அந்த விரலுக்கு அது 'த'. சுண்டுவிரல் மேலே ஏறினால் கொக்கி. தி! எனக்குத்தான் மறந்திருந்தது, இருபது வருடம் தட்டிய விரல்களுக்கு மறக்கவில்லை. சட்டத்தை நெஞ்சில் சாய்த்து, கண்ணாடிமேல் விரலால் தட்டித் தட்டி, எழுத்தெழுத்தாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"தி... ரு... ம... ண..."

"கவிஞர் ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்காரு" என்றது ஒலிபெருக்கி.

"வா... ழ்... த்..."

முன்வரிசையிலிருந்த நூருதீனின் சித்தப்பாவான சாச்சாவுக்குக் காது மந்தம். அதனால் குரல் பெரிது. "கவிஞருன்னு சொன்னீங்க. எழுத்துக்கூட்டில்ல படிக்கிறாரு?"

"சாச்சா, சும்மா இருங்க" என்று பக்கத்து நாற்காலிக்காரர் அடக்கினார்.

"இல்லப்பா, பாவம். கண்ணாடி கொண்டு வரலயோ? என்னோடத வேணா குடுங்க."

அவர் கண்ணாடி கைமாறிக் கைமாறி மேடைக்கே வந்துவிட்டது. போட்டுக்கொண்டேன். இப்போது அந்த எழுத்தும் தெரியவில்லை. கழற்றினேன். இரண்டாம் வரி, மூன்றாம் வரி. பந்தி பரிமாறுகிறவர்கள் தட்டைப் பிடித்தபடி வாசலில் நின்றார்கள். குழந்தைகள் என்னைப் போலவே நாற்காலியில் தட்டத் தொடங்கின. ஒன்பதாம் வரியில் ஓர் எழுத்தில் விரல் நின்றுவிட்டது. மூச்சு வாங்கி மேலே பார்த்தேன். துஆ ஓதிப் பிரார்த்தனை முடிந்தது என்று நினைத்தாரோ, பசி தாங்கவில்லையோ, சாச்சா கையை ஏந்தி உரக்க, "ஆமீன்!" என்றார்.

இருநூறு பேரும் அவ்வளவு நன்றியோடு "ஆமீன்" சொன்னார்கள்.

நான் இறங்கியபோது நூருதீன் எதிரில் நின்றான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தான். "ஒம்பது வரிடா," என்றான். "போன தடவைக்கு ஒம்பது வரி கூட."

நல்ல தமிழில் அடித்து வேறொன்று தருகிறேன், அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று சபியாவிடம் கெஞ்சினேன். தரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

போன மாதம் செங்காங்கில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். நூருதீனும் இருந்தான். கூடத்துச் சுவரில், இன்டர்நெட் பெட்டிக்கு நேர் மேலே, தங்கக் கரையோடு அது தொங்கியது. கோமதி வைஃபை பாஸ்வேர்டு கேட்டாள். பைசல் சுவரைக் காட்டினான்.

"மாமாவோட முதல் வரிதான் ஆன்ட்டி. இடைவெளி விடாம அடிங்க. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறி எல்லாம் இருக்கு. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது லா."

முப்பது வருடமாக எழுதுகிறேன். என் கவிதையை எழுத்துக்கு எழுத்து கவனித்து, ஒரு புள்ளி தவறாமல் வாசிக்கிறார்கள் என்றால், அது அந்த வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் மட்டும்தான். குழப்பத்தோடு சொல்கிறேன்: எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று கிளம்பும்போது சொன்னேன். லிஃப்ட் வரை வழியனுப்ப வந்த நூருதீன் கதவு மூடாமல் கையை வைத்துத் தடுத்தான்.

"எழுதுனா ஊருக்கே தெரிஞ்சிரும். பாஸ்வேர்டு மாத்தணும். புதுசா ஒரு கவிதை எழுதிக் கொண்டா." கையை எடுத்தான். கதவு மூடத் தொடங்கியது. "அந்த லினக்ஸ்லயே எழுது, என்ன?"