தீர்த்தம் என்று சொன்ன பானை

பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொல்லக் கூடாது. சொன்னாலும் அதில் சாமி பேரைச் சேர்க்கக் கூடாது. நான் இரண்டையும் ஒரே வாயால் செய்தவன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் வல்லம் வடகாலில் நெல் போட்டுக்கொண்டிருந்தேன். சர்க்கரை வியாதி வந்து இரண்டு வருடம். தினமும் காலையில் இன்சுலின் ஊசி. படப்பை டாக்டரையும் என் மனைவியையும் தவிர யாருக்கும் தெரியாது. (தெரிந்தால் 'நாளைக்கு அந்த வூட்டுப் பொண்ணுக்கும் வரும்' என்பார்கள். பெண் கல்யாணத்துக்கு நின்றாள்.)

பம்பாயில் வேலை பார்க்கும் வரன் ஒன்று கூடி வந்தது. பையனின் அப்பா சைதாப்பேட்டைக்காரர். "நிச்சயத்துக்கு முன்னாடி, பொண்ணு வாழப்போற வூட்ட ஒரு தபா பாத்துடுங்க" என்று இரண்டு விமான டிக்கெட்டோடு வந்து நின்றார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. (நிச்சயம் ஆகும் முன்பே சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம்.)

எங்கள் வீட்டில் அப்போது ஃபிரிட்ஜ் ஏது? குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டிய இன்சுலின் புட்டி மண்பானைத் தண்ணீரில்தான் கிடக்கும். பயணத்துக்கும் மனைவி அதையே செய்தாள். சின்ன மண்பானை, கிணற்றுத் தண்ணீர், அதற்குள் பிளாஸ்டிக் உறையில் கட்டிய புட்டி, பானை வாயில் மஞ்சள் துணி. ஊசி, பெரிய பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே. நல்லபடியாகப் போய் வர வேண்டும் என்று பெட்டிக்கும் பானைக்கும் சேர்த்தே விபூதிப் பட்டை போட்டுவிட்டாள்.

மீனம்பாக்கத்தில் பெட்டி தனியாகப் போய்விட்டது. பானை என் கையில். சோதனை செய்த போலீஸ்காரர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது?"

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்தால், ஒட்டி நிற்கும் சம்பந்தியும் படிப்பார்.

"தீர்த்தம் சார்," என்றேன். "வல்லக்கோட்டை முருகன் தீர்த்தம்."

(அதுவரை எனக்கும் முருகனுக்கும் நல்ல பழக்கம்.)

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கையைக் குழித்து நீட்டினார். "குடுய்யா. எம் பொண்ணுக்குப் பரீட்சை."

ஊற்றினேன். கண்ணில் ஒற்றிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். பின்னால் நின்ற அம்மாள் ஒருவர், "எனக்கும் கொஞ்சம்" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்தது. நான் குருக்கள் மாதிரி ஊற்றிக்கொண்டே போனேன். தண்ணீர் குறையக் குறைய, புட்டி பானையில் இடிக்கிற சத்தம் கேட்டது.

கடைசியாகச் சம்பந்தி கை நீட்டினார். "இன்னா சம்பந்தி, ஊருக்கெல்லாம் குடுக்கறீங்க, எனக்கு இல்லியா?"

பானையைச் சாய்த்தேன். தண்ணீர் வரவில்லை. இன்னும் சாய்த்தேன். புட்டி வந்தது. அவர் உள்ளங்கையில், லேபிள் மேலே தெரிய.

அவர் நிதானமாகப் படித்தார். நான் சீட்டை எடுத்துப் போலீஸ்காரரிடம் நீட்டினேன்.

"இத மொதல்லயே காட்டியிருந்தா அப்பவே அனுப்பியிருப்பேனே," என்றார். பிறகு, "அப்போ நான் குடிச்சது?"

"கிணத்துத் தண்ணி சார். நல்ல கிணறு."

தொப்பியை மாட்டிக்கொண்டார். ஆனாலும், பானையை வாங்கிக் குழாயில் நிரப்பித்தான் கொடுத்தார்.

விமானம் கிளம்பியது. ஜன்னல் பக்கம் சம்பந்தி; அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை. அவர்தான் கேட்டார்.

"எத்தினி வருசமா?"

"ரெண்டு."

"வியாதிய மறச்சீங்க, அது போவட்டும். பொண்ணப் பெத்தவன் பயம். முருகன ஏன் இழுத்தீங்க?"



அதற்குள் சாப்பாட்டுத் தட்டு வந்தது. ஓரத்தில் குலாப் ஜாமூன். சம்பந்தி கையை நீட்டி என் தட்டில் இருந்ததை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"இது உங்களுக்கு ஆவாது," என்றார்.

கல்யாணம் நடக்கும் என்று தெரிந்து அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

ஊர் திரும்பியதும் வல்லக்கோட்டைக்கு நடந்தே போய் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். முருகன் மன்னித்துவிட்டான் என்றே நினைக்கிறேன். சம்பந்திதான் விடவில்லை. பேரனுக்கு அதே கோயிலில் மொட்டை போட்ட அன்று, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் நானே தீர்த்தம் கொடுத்தேன். அவர் முறை வந்தது. கையைக் குழித்து நீட்டியவர், குடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இப்போது எங்கள் வீட்டில் பொடிசுகள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் என் கையால் தீர்த்தம் வாங்குகிறார்கள்.