சைவக் குழந்தை வயிற்றில் சிக்கன் துண்டு

அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குக் கூடுகிற கூட்டம் அண்ணாமலையாருக்கு. மற்ற நாளெல்லாம் கூடுகிற கூட்டம் கண்ணாயிரம் சாமிக்கு.

குழந்தைக்குப் பேதியா? தொக்கம். காய்ச்சலா? தொக்கம். ராத்திரி தூங்காமல் அழுகிறதா? சந்தேகமே இல்லை, தொக்கம்தான். எதையோ தின்று அது வயிற்றில் ஒட்டிக்கொண்டதாம். சாமி பித்தளைக் குழாயைத் தொப்புளுக்கு நேரே வைத்து உறிஞ்சுவார். தட்டில் துப்புவார். தொக்கம் வெளியே! ஊசி கிடையாது, ஸ்கேன் கிடையாது, யோசனையும் கிடையாது.

ஒரே ஒரு கட்டுப்பாடு. குழந்தையைத் தலையோடு போர்த்திக் கொண்டுவர வேண்டும். துணிக்கு மேலேயே வைத்தியம். சாமியின் பார்வை பட்டால் குழந்தை கருகிவிடுமாம். அவர் தன் பிள்ளைகளை எப்படி வளர்த்தாரோ!

வேங்கிக்கால் எழிலரசிக்குச் சாமி மேல் நம்பிக்கை இல்லை. ஐந்து மாத மகள் கவிநிலாவுக்கு நேற்றிலிருந்து பேதி. காலையிலிருந்து மூத்திரமே போகவில்லை. கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஆட்டோவை மாமியார் ஜோதியம்மாள் இங்கே திருப்பிவிட்டு, வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். கணவன் வளவன் ஆபீசில் எல்லாரையும் மிரட்டுகிறவன். அம்மா முன்னால் வாய் திறக்கமாட்டான். குழந்தையோடு ஆட்டோவிலேயே இருந்தான்.

"அத்தை, வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று கூப்பிட எழிலரசி உள்ளே வந்தாள்.

"சும்மா இருடி. அடுத்தது நாமதான்."

முன்னால் காசியம்மாளின் மூன்று மாதக் குழந்தை. சாமி உறிஞ்சினார், துப்பினார். தட்டில் சிக்கன் துண்டு!

"சாமி, நாங்க சுத்த சைவம்ங்க" என்றாள் காசியம்மாள். "கொழந்த தாய்ப்பால்தாங்க குடிக்குது."

"பக்கத்து வூட்டுல கறி ஆக்குனாங்களா?"

"ஆமாங்க."

"வாசனை உள்ள பூந்துடுச்சும்மா."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"கொழந்தைய எடுத்துட்டு வா, போ" என்று ஜோதியம்மாள் மருமகளை விரட்டினார். எழிலரசி வெளியே ஓடினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்படியே போய்விடலாம். ஆனால் இன்றைக்குத் தப்பித்தால் நாளைக்கு மறுபடி இங்கேதான். ஆட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு பூசணிக்காய்க் கடை இருந்தது.

"ஏங்க, பாப்பாவப் போர்த்தின துண்டைக் குடுங்க. பாப்பாவ வெச்சுக்கிட்டு ரெடியா இருங்க. இதோ வந்துடறேன்" என்றாள் வளவனிடம்.

உள்ளே வந்து மூட்டையைச் சாமி முன்னால் கிடத்தினாள். சாமி கண்ணை மூடி உறிஞ்சினார். கர்ரென்று ஒரு சத்தம். தட்டில் இன்னொரு சிக்கன் துண்டு.

"அடேங்கப்பா! ரொம்ப நாள் தொக்கம். நாளைக்கு வந்திருந்தா கொழந்த உனக்கில்ல!"

எழிலரசி துண்டை உருவினாள். உள்ளே குண்டுப் பூசணிக்காய் ஒன்று.

"சாமி, இது எப்போ கறி சாப்பிட்டுச்சு?"

கூட்டம் எழுந்து எட்டிப் பார்த்தது. சாமி சமாளித்தார்: "காய் வெளைஞ்ச தோட்டத்துல... கோழி மேஞ்சிருக்கும்..."

காசியம்மாள் பாய்ந்து அவர் கன்னத்தை இரண்டு பக்கமும் அழுத்தினாள். கடைவாயிலிருந்து இன்னும் மூன்று துண்டு விழுந்தது. அன்றைக்கு வரிசையில் இருந்த மிச்சப் பிள்ளைகளின் வியாதி மொத்தமும் அங்கேதான் இருந்தது.

ஜோதியம்மாள் எழுந்து ஆட்டோவுக்கு ஓடினார். மருமகளுக்கு முன்னால்.

"ஒடம்புல தண்ணியே இல்ல. இன்னும் லேட் பண்ணியிருந்தா ரொம்பக் கஷ்டம்மா" என்றார் டாக்டர். மாமியாருக்கு அழுகை வந்தது. எழிலரசிக்குக் கோபம்தான் வந்தது. சாயங்காலம் கவிநிலா பாட்டியின் புதுப் புடவையை நன்றாக நனைத்தாள்.

"எழிலு! மூத்திரம் போயிட்டா!" என்று ஜோதியம்மாள் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது.

சாமி இப்போது ஊரில் இல்லை. அந்தப் பூசணிக்காய் மட்டும் இருக்கிறது. மஞ்சள் பூசி, தொட்டுக் கும்பிட வரிசை நிற்கிறதாம். போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாசலில் செருப்பை விடும்போது அறிவையும் சேர்த்து விட்டுவிடாதீர்கள். செருப்பு தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.