ரோகிணியின் சூடும் டிகிரி அக்காவும்

ஈப்போ வட்டாரத்தில் சூடாக இருந்த எதையும் டிகிரி அக்கா அளக்காமல் விட்டதில்லை. லகாட் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஓவன் வெப்பத்தைக் கவனிப்பது அவர் வேலை. நான் அங்கே பேக்கிங்கில் இருந்தேன். கண்டீனில் தே தாரேக் தேநீர் வந்தால் அவருடைய தெர்மாமீட்டர்தான் முதலில் குடிக்கும்.

“எழுபத்திரண்டு. நாக்கு வெந்துரும்லா, பொறுத்துக் குடி.”

மேனேஜர் கோபத்தில் கத்திய ஒருநாள், தூரத்திலிருந்தே சூடு சொல்லும் கருவியை அவர் நெற்றிக்கு நீட்டி, “நார்மல்தான் சார், பேசுங்க” என்றார் அக்கா.

பெயர்தான் டிகிரி, படித்தது பள்ளியில் ஐந்தாம் படிவம் வரைதான். ஆனாலும் இரவு எட்டு மணி ஆகிவிட்டால், வீட்டு வாசலில் பழைய தொலைநோக்கியில் ஒரு சென்சாரை மாட்டி ரோகிணி நட்சத்திரத்தை அளந்துகொண்டிருப்பார். ஊதிப் பெருத்து, ஆறிச் சிவந்த நட்சத்திரம்.

“ஆறிப்போச்சுன்னா எவ்வளவுக்கா?”

“மூவாயிரம் டிகிரிக்கு மேல.”

ஈப்போவில் நடந்த வானியல் கூட்டமொன்றுக்கு என்னையும் இழுத்துப் போனார். இளம் விரிவுரையாளர் ஒருவர் ரோகிணியின் மொத்த வெளிச்சம் இவ்வளவு என்று திரையில் காட்டினார். அக்கா எழுந்தார்.

“தம்பி, உங்க கணக்கு கம்மியா இருக்கு. கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்த மட்டும் கூட்டியிருக்கீங்க. இதுக்குப் பாதிக்கு மேல கண்ணுக்குத் தெரியாத சூட்டு வெளிச்சம்லா. மொத்தம் தப்புன்னா டெம்பரேச்சரும் தப்பு.”

“அக்கா எந்த யூனிவர்சிட்டி?”

“கையுறை பக்டரி. ஓவன் செக்‌ஷன்.”

விரிவுரையாளர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, அக்காவின் எண்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் போய்ச் சொன்னதும், மறுநாளே மேனேஜர் அக்காவின் படத்தைக் கண்டீன் சுவரில் மாட்டினார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே வாரத்தில் அக்கா நாற்காலி போட்டு ஏறி, அந்தப் படத்தைத் தானே கழற்றினார்.

“என் எண்ணும் தப்பு சார். சென்சாரே சூடாகுது. அந்தச் சூட்டையும் நட்சத்திரத்தோட கணக்குல சேத்துட்டேன்.”

“யாருக்கும்மா தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுதுலா.”

ஊர்ச் சூட்டையெல்லாம் அளந்தவர் தன் கருவியின் சூட்டை மறந்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. விரிவுரையாளருக்குத் தானே எழுதி, எண்களைத் திரும்பப் பெற்றார்.

பிறகு மறுபடி அளக்க, விளக்கு வெளிச்சம் குறைந்த இடம் தேடி, சுங்கை சிப்புட்டில் அவர் பிறந்த தோட்டத்துக்குப் போனோம். ரப்பர் மரங்கள் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்திருந்தது. பந்துத் திடல் மட்டும் மிச்சம். மீன்பெட்டியில் ஐஸ் நிரப்பி அதற்குள் சென்சாரை வைத்தார். மோட்டார் சைக்கிளில் ஐஸ் சுமந்தது நான். மழை, புகைமூட்டம், கொசு எல்லாவற்றையும் தாண்டி மூன்று மாதம், வானம் தெளிந்த ஒவ்வொரு இரவும் அளந்தார்.

புதிய எண் விரிவுரையாளரின் எண்ணுக்கும் அக்காவின் பழைய எண்ணுக்கும் நடுவில் வந்தது. வெப்பம் மூவாயிரத்து அறுநூறு டிகிரியை ஒட்டி நின்றது. விரிவுரையாளர் தன் கருவியால் சரிபார்த்து, தன் அட்டவணையைத் திருத்தி, அளந்தவர் என்ற இடத்தில் அக்காவின் முழுப்பெயரைப் போட்டு அனுப்பினார்.

அந்தத் தாளின் நகல் ஒன்றை லைசென்ஸோடு மடித்து வைத்திருக்கிறேன். எண்கள் இன்னும் எனக்குப் புரிவதில்லை. பெயரை மட்டும் அவ்வப்போது எடுத்துப் படித்துக்கொள்வேன்.